காலை உணவுத் திட்டம் பலன் தந்ததா: நாற்பது பள்ளிகளை வைத்து அளக்க முடியுமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: முதுகலைப் பொருளியல் ஆய்வேட்டுக்காக, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-லேயே வந்த 20 அரசுத் தொடக்கப் பள்ளிகளையும் 2023-ல் வந்த 20 பள்ளிகளையும் எடுத்து, பள்ளிக்கு 30 பேர் வீதம் ஒரு தேர்வு வைத்து, வருகைப் பதிவேட்டையும் பார்த்து, சராசரிகளை ஒப்பிட்டால் “திட்டத்தால் வருகையும் படிப்பும் கூடின” என்று எழுதலாமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, இரண்டுக்கும் பதில் வேறு. வருகையைப் பொறுத்தவரை, பழைய மாதவாரிப் பதிவுகள் கிடைத்தால், கவனமாகச் செய்தால் முடியும். படிப்பைப் பொறுத்தவரை நீங்கள் சொன்ன வடிவத்தில் முடியாது. காரணம் உங்கள் உழைப்பில் குறை என்பதல்ல. அந்தக் கணக்கு அவ்வளவு நுண்ணிய மாற்றத்தைப் பிடிக்காது.

முதலில் தேதிகள். திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள்: மாநகராட்சியில் 417, நகராட்சியில் 163, ஊராட்சிகளில் 728, மலைப்பகுதியில் 237. மாணவர்கள் 1,14,095 பேர், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. 2023 தொடக்கத்தில் மேலும் சில நூறு பள்ளிகள் சேர்ந்தன. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் விரிவாக்கத்தைத் தொடங்கிவைத்தபோது ஏறக்குறைய 31,000 அரசுத் தொடக்கப் பள்ளிகளும் உள்ளே வந்துவிட்டன. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளும் வந்தன. ஆகவே அரசுப் பள்ளிகளுக்குள் “உணவு உண்டு, இல்லை” என்ற வேறுபாடு இருந்த காலம் 2022 செப்டம்பர் நடுவிலிருந்து 2023 ஆகஸ்ட் கடைசி வாரம் வரை மட்டுமே. இன்று போய்த் தேர்வு வைத்தால் நீங்கள் அளப்பது காலை உணவின் பலனை அல்ல. ஒரு வருடம் முன்னதாக உணவு கிடைத்ததன் பலனை. அதிலும் அந்த ஒரு வருடத்தில் தொடக்க வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது எந்த வகுப்பில், எந்தப் பள்ளியில் இருக்கிறார்கள் என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

“சரி, அதே பள்ளியை முன்னும் பின்னும் பார்த்தால் போதாதா?” என்று அடுத்து தோன்றும். அந்தக் காலகட்டத்துக்கு அது மிக மோசமான யோசனை. கொரோனாவால் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. 2021 டிசம்பரில் குழந்தைகள், 2019-ல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணிதத்தில் ஏறக்குறைய 0.7 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு), மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்திலேயே மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம், தன்னார்வலர்கள் ஊருக்குள்ளேயே பாடம் நடத்திய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் பங்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதாவது காலை உணவு என்ற ஒன்று வராமலேயே, அதற்கு முந்தைய மாதங்களில் மதிப்பெண்கள் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு 2022 ஜூன் 13-ல் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது. மூன்று மாதம் கழித்து உணவு வந்தது. இந்த மூன்றையும் முன்-பின் ஒப்பீடு ஒரே உருண்டையாக்கி உங்கள் கையில் கொடுக்கும்.

வருகைக்கும் இதே சிக்கல், வேறு உருவத்தில். ஜூன், ஜூலையை ஜனவரி, பிப்ரவரியோடு ஒப்பிட்டு “கூடியது” என்று சொல்வது சுலபம். ஜூனில் பதிவேடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முப்பது பெயர். அதில் மூன்று பிள்ளைகள் கோடை விடுமுறையில் வேறு ஊருக்கோ வேறு பள்ளிக்கோ போய்விட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை. தினமும் வருவது 24 பேர். வருகை 80 சதவீதம். ஆகஸ்டில் தலைமையாசிரியர் அந்த மூன்று பெயரை நீக்குகிறார். அதே 24 பேர் வருகிறார்கள். வருகை இப்போது 24-ஐ 27-ஆல் வகுத்தது, 88.9 சதவீதம். ஒரு குழந்தைகூடக் கூடுதலாக வரவில்லை, எண்ணில் மட்டும் ஒன்பது புள்ளி ஏறிவிட்டது. இதனால்தான் சதவீதத்தை மட்டும் எடுக்காதீர்கள் என்கிறேன். வந்த தலைகளின் எண்ணிக்கை, பதிவில் உள்ள பெயர்களின் எண்ணிக்கை இரண்டையும் தனித்தனியாக, மாதவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பிடும்போது ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய முறைக்கு வருகிறேன். டிஃபரன்ஸ் இன் டிஃபரன்ஸஸ், வகுப்பில் ‘டிட்’ என்று சொல்லியிருப்பார்கள். திட்டம் வந்த இடத்தில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து, வராத இடத்தில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழிப்பது. இதன் சூட்சுமம் புரிய டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-ல் வெளியிட்ட குறைந்தபட்சக் கூலி ஆய்வின் நான்கு எண்கள் போதும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1 முதல் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஏற்றவில்லை. இரண்டிலுமாக 410 துரித உணவுக் கடைகளை உயர்வுக்கு முன்பும் பின்பும் கேட்டார்கள். பகுதிநேர ஊழியரை அரை ஆளாக எண்ணினால், நியூ ஜெர்சிக் கடையில் சராசரி ஆட்கள் 20.44-லிருந்து 21.03 ஆனது. கூடுதல் 0.59. பென்சில்வேனியாவில் 23.33-லிருந்து 21.17-க்கு இறங்கியது. குறைவு 2.16. இரண்டு மாற்றங்களின் வித்தியாசம் சுமார் 2.76, அந்த எண் தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதைச் சொல்லும் ஸ்டாண்டர்ட் எரர் 1.36. கூலியை ஏற்றினால் வேலை போகும் என்ற பாடப்புத்தக வாதத்தை இந்த எண் உலுக்கியது.

ஆனால் அந்த நான்கு எண்களை இன்னொரு தடவை பாருங்கள். 2.76-ல் பெரும்பங்கு நியூ ஜெர்சியில் நடந்ததல்ல, பென்சில்வேனியாவில் நடந்த சரிவு. கூலி உயராமல் இருந்திருந்தால் நியூ ஜெர்சியும் அதேபோல் சரிந்திருக்கும் என்று நம்பினால்தான் கணக்கு நிற்கும். அந்த நம்பிக்கையை எந்தத் தரவும் நேரடியாக நிரூபிக்காது. பின்னாளில் டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் இருவரும் கடைகளின் சம்பளப் பட்டியலை வைத்து மறுத்தார்கள். கார்டும் க்ரூகரும் 2000-த்தில் அரசுப் புள்ளிவிவரத்தைக் கொண்டு பதில் சொன்னார்கள். அதில் வேலைவாய்ப்பில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. “கூடியது” என்பது ஆடிப்போயிற்று, “பெரிதாகக் குறையவில்லை” என்பது நின்றது. கார்டு 2021-ல் நோபல் பரிசு பெற்றார். க்ரூகர் 2019-லேயே காலமாகிவிட்டார். உங்களுக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: டிட் செய்யும்போது உங்கள் முடிவின் பாதி, உணவு வராத பள்ளியில் இருக்கிறது. அதனால் அந்தப் பள்ளிகளைத் தேர்வதில்தான் பாதி நேரம் போக வேண்டும்.

உணவு வராத பள்ளி எது? இங்கேதான் சிரமம். முதல் கட்டப் பள்ளிகள் குலுக்கல் போட்டு எடுத்தவை அல்ல. வகைவாரி மாணவர் எண்ணிக்கையைப் பள்ளி எண்ணிக்கையால் வகுத்தால் மாநகராட்சிப் பள்ளிகளில் சராசரி 105 பிள்ளைகள், மலைப் பள்ளிகளில் 43. பள்ளிகளில் மாநகராட்சியும் நகராட்சியும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். மாநிலத்தின் மொத்த அரசுத் தொடக்கப் பள்ளிகள் அப்படி இல்லை, பெரும்பாலும் கிராமத்துச் சிறு பள்ளிகள். மதுரை நகரப் பள்ளியை சிவகங்கை மாவட்டக் கிராமத்து ஈராசிரியர் பள்ளியோடு ஒப்பிட்டால் எந்த ரிக்ரஷனும் (மற்றக் காரணிகளைச் சரிக்கட்டும் புள்ளியியல் கணக்கு) உங்களைக் காப்பாற்றாது. என் யோசனை: மாநகராட்சியை விட்டுவிடுங்கள். அங்கே மையச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் உணவு வந்தது. ஊராட்சியில் பள்ளியிலேயே மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்தார்கள். உணவு வந்துசேரும் நேரமும் சூடும் ஒன்றல்ல. சென்னையில் சில மாநகராட்சிப் பள்ளிகளில் தொண்டு அமைப்பு மூலம் காலை உணவு முன்பே இருந்தது. அவை ஒப்பீட்டையே கெடுக்கும். ஊராட்சிப் பள்ளிகளை மட்டும் எடுங்கள். முதல் கட்டத்தில் வந்த ஒன்றியத்தையும் அதன் எல்லையை ஒட்டிய, வராத ஒன்றியத்தையும் இணையாக வையுங்கள். 2023 தொடக்கத்தில் சேர்ந்த பள்ளிகளை அந்த மாதத்திலிருந்து ஒப்பீட்டுக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால், பள்ளிக்கும் மாதத்துக்கும் தனித்தனி மாறிலி வைக்கும் சாதாரண இருவழி நிலைவிளைவு ரிக்ரஷன் ஏற்கெனவே உணவு பெற்ற பள்ளியையே பிந்தையவர்களுக்கு ஒப்பீடாக வைத்துவிடும். ஆண்ட்ரூ குட்மன்-பேக்கன் 2021-ல் சுட்டிக்காட்டிய கோளாறு இதுதான்.

இரண்டு குழுவும் முன்பு ஒரே சாய்வில் போய்க்கொண்டிருந்தனவா என்று காட்டச் சொல்லி வழிகாட்டி கேட்பார். இதற்கு உங்களிடம் இருப்பது மிகச் சொற்பம். 2020-21 முழுக்கப் பள்ளி இல்லை. 2021 நவம்பரில் திறந்து, ஒமைக்ரானால் ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். 2022 ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை மூன்று மாதம். இவ்வளவுதான். ஆகவே 2018-19, 2019-20 பதிவேடுகளையும் எடுங்கள். அவற்றைக் கொண்டு ஒரு பொய்ப் பரிசோதனை செய்யலாம்: திட்டம் 2019 செப்டம்பரில் வந்தது என்று பாவனையாக வைத்து, அதே கணக்கை ஓட்டுங்கள். அங்கேயும் “பலன்” வந்தால் உங்கள் இரு குழுக்களும் ஒப்பிடத் தக்கவை அல்ல. வராவிட்டால் கொஞ்சம் தைரியம் வரும், முழு நிச்சயம் வராது. இரண்டு வருடத் தரவில் சிறிய சாய்வு வித்தியாசம் கண்ணில் படாமலே போகலாம்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு, பள்ளிக்குள்ளேயே ஒப்பிடுவது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகம், ஒரே தலைமையாசிரியர், ஒரே தெருப் பிள்ளைகள். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறு, ஏழு, எட்டு அந்தப் பள்ளிக்குள் இயற்கையாக அமைந்த ஒப்பீட்டுக் குழு. இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்பு வரை இருந்ததால் அது இரு பக்கமும் ஈடாகிவிடும். 2022-23-ல் எண்ணும் எழுத்தும் மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆக அந்த ஒரு கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உணவு உண்டு, எண்ணும் எழுத்தும் இல்லை. நான்கு-ஐந்துக்கும் ஆறு-எட்டுக்கும் உள்ள வருகை வித்தியாசம், உணவு வந்த பள்ளியில் எப்படி மாறியது, வராத பள்ளியில் எப்படி மாறியது என்று மூன்றாவது முறையும் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது ஓரளவு சுத்தமான எண். ஓட்டைகள் இல்லாமலில்லை. தம்பியைக் காலையில் சாப்பிடக் கூட்டிவரும் ஆறாம் வகுப்பு அக்காவும் அன்று பள்ளிக்கு வந்துவிடுவாள். மிஞ்சிய பொங்கல் அவளுக்கும் கிடைக்கலாம். அப்படியானால் உங்கள் எண் உண்மைப் பலனைவிடச் சிறியதாக வரும். அந்தத் திசையில் பிழை இருப்பது பரவாயில்லை, எந்தத் திசை என்று எழுதிவிட்டால் போதும்.

ஸ்டாண்டர்ட் எரரைப் பள்ளி அளவில் கிளஸ்டர் செய்யுங்கள், அதாவது ஒரே பள்ளியின் பதிவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்று கொண்டு கணக்கிடுங்கள். ஒன்றியம் முழுவதுமாகத் தேர்வானது என்று தெரிந்தால் ஒன்றிய அளவில். இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்று பெர்ட்ராண்ட், டுஃப்ளோ, முல்லைநாதன் 2004-ல் காட்டினார்கள்: நடக்காத சட்டங்களைத் தரவில் பாவனையாகச் செருகியபோது, 5 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 45 சதவீதம் வரை “பலன் உண்டு” என்று வந்தது.

தேர்வு விஷயத்துக்கு வருவோம். 40 பள்ளி, பள்ளிக்கு 30 பேர், மொத்தம் 1,200 பேர். பெரிய எண் போலத் தெரியும். ஆனால் ஒரே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், ஒரே ஊர். அவர்கள் மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. அந்தச் சார்பு (பூஜ்யம் என்றால் இல்லை, 1 என்றால் முழுச் சார்பு) 0.2 என்று வைத்தால், மாதிரி எத்தனை மடங்கு பலவீனமாகிறது என்பதைக் காட்டும் விரிவு 1 + 29 × 0.2 = 6.8. 1,200-ஐ 6.8-ஆல் வகுத்தால் 176. உங்கள் ஆய்வு உண்மையில் 176 பேரைப் பார்த்த ஆய்வு. இல்லாத பலனை உண்டு என்று சொல்லும் அபாயம் 5 சதவீதம், இருக்கும் பலனைப் பிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம் என்ற வழக்கமான நிபந்தனையில் இது பிடிக்கக்கூடிய மிகச் சிறிய மாற்றம் ஏறக்குறைய 0.42 திட்ட விலக்கம். அதே 1,200 பேரைப் பள்ளிக்கு 10 பேர் வீதம் 120 பள்ளிகளில் எடுத்தால் 0.27. பள்ளி எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் வழி. ஒரே பள்ளியில் இன்னும் இருபது பேரைச் சேர்ப்பதால் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. உணவுக்கு முந்தைய மதிப்பெண் கையில் இருந்து, அது பிந்தைய மதிப்பெண்ணின் வேறுபாட்டில் பாதியை விளக்கினால், 0.42 என்பது 0.30 அளவுக்கு இறங்கும். உங்களிடம் அது இல்லை.

காலை உணவால் 0.42 வருமா? வராது என்றுதான் நினைக்கிறேன். ஜமைக்காவில் 16 கிராமப்புறப் பள்ளிகளில் 814 குழந்தைகளை வைத்து 1998-ல் வெளியான சோதனை இந்தத் துறையில் இன்றும் நல்ல மாதிரி. ஒரு குழுவுக்குத் தினமும் காலை உணவு. மற்றவர்களுக்குக் கால் துண்டு ஆரஞ்சும் அதே அளவு கவனிப்பும். ஆரஞ்சு ஏன்? யாரோ நம்மைக் கூப்பிட்டுக் கவனிக்கிறார்கள் என்ற உற்சாகமே மதிப்பெண்ணைக் கூட்டிவிடக் கூடாது என்பதற்காக. எடை, உயரம், வருகை சிறிதளவு கூடின. கணக்கில் முன்னேற்றம் சிறு வகுப்புப் பிள்ளைகளிடம்தான் தெரிந்தது. கென்யாவில் கிறிஸ்டல் வெர்மீர்ஷும் மைக்கேல் கிரெமரும் 50 மழலையர் பள்ளிகளில் 25-க்கு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். உணவு இல்லாத பள்ளிகளில் வருகை 27.4 சதவீதம், உணவு கொடுத்த பள்ளிகளில் 35.9. படிப்பு கூடியது நல்ல ஆசிரியர் இருந்த பள்ளிகளில் மட்டும்; உணவு தயாராகும் நேரம் பாட நேரத்தைத் தின்றுவிட்டது. நம் திட்டத்தில் வகுப்பு தொடங்கும் முன்பே பரிமாறுவது அந்த வகையில் நல்ல ஏற்பாடு.

இந்தியாவின் மதிய உணவைப் பற்றி சக்ரவர்த்தியும் ஜெயராமனும் செய்த ஆய்வை யாராவது மேற்கோள் காட்டினால் கவனமாக இருங்கள். ஐந்து வருடம் வரை உணவு பெற்ற பிள்ளைகள், ஒரு வருடத்துக்கும் குறைவாகப் பெற்றவர்களைவிட வாசிப்பில் 18 சதவீதமும் கணக்கில் 9 சதவீதமும் முன்னால் இருந்தார்கள் என்பது அதன் முடிவு. நல்ல ஆய்வுதான். ஆனால் அது 2001-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பின் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கிய சமைத்த மதிய உணவைப் பற்றியது. அங்கே அதுதான் பள்ளியில் கிடைத்த முதல் வேளை. தமிழ்நாட்டில் 1982-லிருந்து பெரிய அளவில் சத்துணவு இருக்கிறது. நீங்கள் அளப்பது இரண்டாவது வேளையின் கூடுதல் பலன். அந்த 18-ஐ இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

தரவு பற்றிச் சில எச்சரிக்கைகள். மத்திய அரசின் பள்ளிக் கல்வித் தரவுத்தளமான யூடைஸ் பிளஸ் 2022-23 முதல் பள்ளிவாரி எண்ணிக்கையை விட்டு மாணவர்வாரிப் பதிவுக்கு மாறியது. அதனால் சேர்க்கை எண்களை முந்தைய ஆண்டுகளோடு நேராக ஒப்பிடக் கூடாது. சேர்க்கை அந்த ஆண்டு திடீரென்று இறங்கியதைக் கண்டு கதை கட்டியவர்கள் உண்டு. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21, திட்டத்துக்கு முந்தையது. பிள்ளைகளின் வாசிப்பு, கணக்குத் திறனை வீடுவீடாகப் பார்க்கும் ஏசர் ஆய்வு கிராமப்புறம் மட்டும், மாவட்டத்துக்கு 600 வீடுகள்; எந்தப் பள்ளிக்கு எப்போது உணவு வந்தது என்ற வேறுபாட்டை அதில் பிடிக்க முடியாது. மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தின் தினசரி வருகைதான் உங்களுக்கு வேண்டியது. அது பொதுவெளியில் பள்ளிவாரியாகக் கிடைக்காது. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தில் துறைத்தலைவரின் கடிதத்தோடு எழுத்துமூலம் கேளுங்கள், ஆய்வேட்டுக்கு ஒரு பருவம் முன்பே. உணவு வந்த பிறகு வருகையும் தட்டுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டிய நிர்ப்பந்தம் பள்ளிக்கு உண்டு என்பதையும் மறக்காதீர்கள். பதிவு செய்யும் பழக்கமே மாறினால், மாறியது வருகையா பதிவா என்று தெரியாது. பத்துப் பள்ளிகளிலாவது முன்னறிவிப்பு இல்லாமல் காலை பத்தரை மணிக்குப் போய்த் தலை எண்ணி, அன்றைய பதிவோடு ஒப்பிட்டு, இன்றைய இடைவெளி எவ்வளவு என்று ஆய்வேட்டில் போடுங்கள். 2022-க்கு அது சான்று ஆகாது. ஆனாலும் படிப்பவருக்குப் பதிவேட்டின் தரம் தெரியும்.

ஆகவே தேர்வை விட்டுவிட்டு, ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள்: 2022-23-ல் நடுநிலைப் பள்ளிகளின் நான்கு, ஐந்தாம் வகுப்பு வருகை, உணவு வந்ததால் எவ்வளவு மாறியது? இதற்கு 40 பள்ளி போதுமா என்பதை, 2019-20 பதிவில் வருகை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்துக் கணக்கிடுங்கள். ஏற்கெனவே 92, 93 சதவீதம் வரும் பள்ளியில் ஏற இடமே இல்லை. முடிவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் “பலன் இல்லை” என்று எழுதாதீர்கள். உண்மைப் பலன் இருக்கக்கூடிய வரம்பான நம்பக எல்லை மைனஸ் 1-லிருந்து பிளஸ் 5 புள்ளி வரை என்றால் அந்த இரண்டு எண்களையும் அப்படியே எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்டால் அதையே சொல்லுங்கள்.